எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்கும் முன்: கட்டுரை நோட்டில் தெரியும் அறிகுறிகளும் அவற்றுக்கான வழிகளும்

ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை தமிழ்க் கட்டுரை திருத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிள்ளையின் நோட்டைப் பார்த்துக் கவலைப்படும் பெற்றோருக்கும் உதவும். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: பிழைகளை எண்ணாதீர்கள், பிழைக்கான காரணங்களை எண்ணுங்கள். 'பிழைக்கு அரை மதிப்பெண்' என்று வட்டம் போட்டுக் கழித்துக்கொண்டே போனால், நிறைய எழுதும் பிள்ளைதான் நிறைய இழக்கும். நாலு வரியோடு நிறுத்திக்கொண்ட பிள்ளை தப்பித்துவிடும்.

பொதுத்தேர்வுத் தாளுக்கு விடைக்குறிப்பு இருக்கிறது. அங்கே அது சொன்னபடிதான் திருத்த வேண்டும். இங்கே பேசுவது வகுப்புக் கட்டுரை, பருவத் தேர்வு, வீட்டுப்பாடம் பற்றி. எழுத்தைச் சரிசெய்ய நமக்கு நேரம் கிடைப்பது அங்கேதான்.

முதலில் ஒரு பத்தியைப் பார்த்துவிடலாம். எட்டாம் வகுப்பு நோட்டுகளில் வழக்கமாக வரும் பிழைகளைச் சேர்த்து நானே அமைத்தது:

"எங்கள் ஊர் ஏறி போன வருடம் நிறம்பி வழிந்தது. அதற்க்கு முன் முன்று வருடம் தண்ணி இல்லை. அப்பா மோட்டாரை கலட்டி வைத்துவிட்டார். மழை விட்ட அன்று நாங்கள் எல்லோரும் ஏறி கறையில் நின்றோம். மீன் துள்ளியதை பார்த்து என் தம்பி கை தட்டினான்."

வட்டம் போட்டால் 11 வரும். பிழைக்கு அரை என்றால் ஐந்தரை போய்விடும். பத்து மதிப்பெண் கட்டுரையில், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே நாலரைதான் மிச்சம். ஆனால் இந்தப் பத்தியில் மோட்டாரைக் கழற்றி வைத்த அப்பா இருக்கிறார், கை தட்டும் தம்பி இருக்கிறான். 'நீரின்றி அமையாது உலகு' என்று தொடங்கி வழிகாட்டி நூலை ஒப்பிக்கும் கட்டுரையைவிட இது எவ்வளவோ மேல்.

இப்போது அந்த 11 வட்டங்களைக் காரணம் பார்த்துப் பிரியுங்கள். ஏறி, நிறம்பி, மறுபடி ஏறி, கறை: நான்கும் ரகர றகரக் குழப்பம், ஒரே காரணம். 'மோட்டாரை கலட்டி', 'ஏறி கறை', 'துள்ளியதை பார்த்து' மூன்றிலும் ஒற்று விடுபட்டிருக்கிறது. 'அதற்க்கு' தனி வகை. 'முன்று' நெடில் விடுபட்டது. 'தண்ணி', 'கலட்டி' இரண்டும் பேச்சிலிருந்து வந்தவை. ஆக, காரணங்கள் ஐந்து. அந்த ஐந்துக்கும் மருந்து ஒன்றல்ல. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

அறிகுறி: ர-ற, ல-ள-ழ, ன-ண மாறி மாறி வருகிறது

மயங்கொலிப் பிழை. தமிழ் நோட்டில் இதுதான் பெரிய தலைவலி, அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது.

பிழையான சொல்லைப் பிள்ளையை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். வாயில் வேறுபாடு வந்து கையில் மட்டும் வரவில்லையா, வாயிலேயே வேறுபாடு இல்லையா என்று தெரிந்துவிடும். வாயிலேயே இல்லையென்றால் அதைக் கவனக்குறைவு என்று சொல்லக் கூடாது. ஊர்ப் பேச்சு அப்படி. தென்மாவட்டங்களில் வாழைப்பழம் 'வாளப்பளம்' ஆகும், சென்னைப் பக்கம் 'வாயப்பயம்' ஆகும். ர, ற இரண்டும் தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊர்களில் பேச்சில் ஒன்றாகவே ஆகிவிட்டன, ஆசிரியர் பேச்சிலும்தான். நாம் 'ஏரி' என்று சொல்லி எழுதச் சொன்னால், பிள்ளை காதால் பிரித்து எழுத வழியே இல்லை. நினைவில் இருந்தால் எழுதும், இல்லையென்றால் ஊகிக்கும்.

ல, ள, ழ மூன்றையும் நாக்கால் பழக்கலாம். லகரத்துக்கு நுனிநாக்கு மேல்பல்லின் அடியைத் தொட வேண்டும். ளகரத்துக்கு நாக்கு மேலே மடிந்து அண்ணத்தைத் தொட வேண்டும். ழகரத்துக்கு அதே மடிப்பு, ஆனால் எங்கும் தொடக் கூடாது. ன, ண வேறுபாடும் இப்படித்தான்: நேராக நீட்டிய நாக்கு ன, மடிந்த நாக்கு ண. இதை வகுப்பில் கும்பலாகச் சொல்ல வைத்தால் பயனில்லை. ஒவ்வொரு பிள்ளையின் வாயையும் பார்த்துத்தான் செய்ய முடியும்.

நாக்கு பழகும்வரை கைக்கு ஒரு வழி வேண்டுமே. அதற்குத் தமிழிலேயே நல்ல கருவி இருக்கிறது: சொல் வடிவம் மாறும்போது எழுத்து தன் இனத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

லகரமா ளகரமா என்று சந்தேகமா? இறந்தகாலத்தில் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். செல், சென்றான், நில், நின்றான், முயல், முயன்றான், அகல், அகன்றது. றகரம் வந்தால் மூலம் லகரம். கொள், கொண்டான், ஆள், ஆண்டான், உருள், உருண்டது, மிரள், மிரண்டது, கேள், கேட்டான். டகரம் வந்தால் மூலம் ளகரம். வாழ்ந்தான், தாழ்ந்தான் என்று ழகரம் மட்டும் அசையாமல் அப்படியே நிற்கும். பெயர்ச்சொல் என்றால் பன்மையில் சொல்லிப் பார்க்கலாம்: பல், பற்கள், சொல், சொற்கள், முள், முட்கள், ஆள், ஆட்கள். 'சுருள்' என்பதற்கு எந்த எழுத்து என்று கேட்கும் பிள்ளையிடம் பதிலைச் சொல்லாதீர்கள். "பாய் சுருன்றதா, சுருண்டதா?" என்று கேளுங்கள். 'சுருன்றது' என்று எந்தப் பிள்ளையும் சொல்லாது. தனக்கே தெரிந்திருக்கிறது என்று அதற்கு அப்போது விளங்கும். அப்புறம் அந்த எழுத்து மறக்காது.

ன, ண இரண்டுக்கும் பழைய பள்ளிக்கூடப் பெயர்களே போதும்: டண்ணகரம், றன்னகரம், தந்நகரம். டகரத்துக்கு முன் ண் (வண்டி), றகரத்துக்கு முன் ன் (கன்று), தகரத்துக்கு முன் ந் (பந்து). 'மூண்று', 'கன்டான்' இரண்டும் இந்த ஒரு பாடத்தில் ஓடிவிடும். 'நன்பன்' மட்டும் இதில் அடங்காது, பகரத்துக்கு முன் இரண்டும் வரும் (அன்பு, நண்பன்). அதற்கு 'நட்பு' என்ற சொல்லைப் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். அங்கே ட் இருக்கிறது, எனவே இங்கே ண்.

ர, ற இரண்டுக்கும் பாதி வழிதான் இருக்கிறது. றகரம் இரட்டிக்கும், ரகரம் இரட்டிக்காது. ஆறு, ஆற்றில், சோறு, சோற்றில், மாறு, மாற்று, ஏறு, ஏற்று: இப்படி ற்ற வந்தால் மூலத்தில் றகரம். சொல்லின் முதலில் றகரம் வராது, கடைசியில் ற் வராது. இந்தக் கருவியைக் கொடுக்கும்போதே 'சுவற்றில்' என்ற வழுவையும் தீர்த்துவிடலாம். கிணறு, கிணற்றில் ஆகும். சுவர் றகரத்தில் முடியவில்லை, எனவே சுவரில். மீதியைக் கண்ணால்தான் பழக்க வேண்டும். நம் பத்தியில் வந்த ஏரி, கரை, நிரம்பி மூன்றும் அந்த மீதியைச் சேர்ந்தவை. "ஏரிக்கரையில் ஏறி நின்றான்", "சட்டையில் கறை படிந்தது" என்று இணையாக எழுத வைத்தால் சீக்கிரம் பதியும். கணினியின் பிழைதிருத்தியை நம்பிவிட வேண்டாம். 'ஏறி', 'கறை' இரண்டும் உண்மையான சொற்கள், தனிச்சொல்லை மட்டும் பார்க்கும் கருவி கண்டுகொள்ளாமல் விட்டுவிடும்.

இதே அறிகுறிக்கு நேர் எதிரான ஒன்றும் உண்டு: 'வெழ்ளம்', 'பழ்ளி', 'உழ்ளே'. 'பளம்' என்று எழுதித் திட்டு வாங்கிய பிள்ளை, பயத்தில் எல்லா ளகரத்தையும் ழகரமாக்கிவிடும். இதற்கு மறுபடியும் திட்டக் கூடாது. திட்டினால் ஏற்கனவே சரியாக இருந்த ழகரமும் ஆட்டம் காணும். ல்ல, ள்ள உண்டு, ழ்ழ கிடையாது, ழ் பக்கத்தில் ளகரம் ஒட்டாது என்று சொன்னால் போதும்.

மதிப்பெண்: ர-ற ஒரு காரணம், ல-ள-ழ ஒன்று, ன-ண ஒன்று. கட்டுரை முழுக்க எத்தனை இடத்தில் வந்தாலும் ஒரு காரணத்துக்கு ஒரே ஒரு முறைதான் குறைக்க வேண்டும்.

அறிகுறி: வல்லின ஒற்று விடுபடுகிறது, அல்லது கண்ட இடத்திலெல்லாம் முளைக்கிறது

வல்லினம் மிகும் இடம், மிகா இடம் என்று இலக்கணப் பாடத்தில் நீண்ட பட்டியல் இருக்கிறது. அதை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிய பிள்ளையே அடுத்த பக்கத்துக் கட்டுரையில் 'புத்தகத்தை படித்தான்' என்று எழுதும். பட்டியல் நினைவில் இருக்கிறது, கைக்கு வரவில்லை.

இரண்டே விதிகளோடு தொடங்குங்கள். ஐ உருபுக்குப் பின் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும்: வீட்டைக் கட்டினான், மீனைப் பிடித்தான். கு உருபுக்குப் பின்னும் அப்படியே: ஊருக்குப் போனான், கடைக்குச் சென்றான். மாணவர் எழுத்தில் விடுபடும் ஒற்றுகளில் பெரும்பகுதி இவ்விரண்டில் அடங்கிவிடும். அவை படிந்த பிறகு அந்த, இந்த, எந்த: அந்தப் பையன், இந்தக் குடம். அதற்குப் பிறகு வினையெச்சங்கள்: ஓடிப் போனான், வரச் சொன்னான், படித்துப் பார்த்தான். இவ்வளவு போதும். ஏரிக்கரை போன்ற தொகைச்சொற்களில் வரும் ஒற்று, சொல்லோடு சொல்லாகத் தானே பழகும்.

ஒற்று முளைக்கும் பிள்ளைக்கு வேறு வைத்தியம். 'வந்தப் பையன்', 'ஒருக் குடம்', 'அதுப் போல' என்று எழுதுகிற பிள்ளை விதி ஒன்று இருப்பதை உணர்ந்துவிட்டது, எல்லையைத்தான் இன்னும் பிடிக்கவில்லை. 'தந்த பலகை', 'தந்தப் பலகை' இரண்டையும் கரும்பலகையில் எழுதுங்கள். ஒருவர் கொடுத்த பலகை முதலாவது, யானைத் தந்தத்தால் ஆன பலகை இரண்டாவது. ஒரு ப் பொருளையே மாற்றுவதைப் பிள்ளைகள் ரசிப்பார்கள், கேட்டதும் 'வந்த, போன, பார்த்த என்பவற்றுக்குப் பிறகு ஒற்று வராது' என்று தாங்களே சொல்வார்கள்.

மதிப்பெண் விஷயத்தில் என் நிலை இது: ஆறு, ஏழாம் வகுப்பில் ஒற்றுக்காக எதையும் குறைக்க வேண்டாம், பென்சிலால் காட்டினால் போதும். எட்டில் ஐ, கு இரண்டுக்கு மட்டும். ஒன்பது, பத்தில் கற்றுக்கொடுத்த விதிகள் அனைத்துக்கும். கூடுதலாகப் போட்ட ஒற்றுக்கு எந்த வகுப்பிலும் குறைக்க வேண்டாம். முயன்று பார்த்ததற்குத் தண்டனை கொடுத்தால் அடுத்த கட்டுரையில் ஒற்றே இருக்காது.

அறிகுறி: 'அதற்க்கு', 'முயற்ச்சி', 'காட்ச்சி', கூடவே 'வளர்சி', 'மகிழ்சி'

மேலே உள்ள ஒற்றுப்பிழையோடு இதைச் சேர்த்துவிடுகிறோம். காரணம் வேறு என்பதால் தனியாக வைத்தால்தான் தீரும்.

விதி மிக எளிது. ய், ர், ழ் மூன்றுக்கும் பின்னால் இன்னொரு ஒற்று வரலாம்: வாய்ப்பு, வளர்ச்சி, மகிழ்ச்சி. ற், ட் இரண்டுக்கும் பின்னால் இன்னொரு ஒற்று வராது: முயற்சி, பயிற்சி, அதற்கு, காட்சி, ஆட்சி. ஈரொற்று மயக்கம் என்று நன்னூல் சொல்வது இதைத்தான். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்தப் பெயர் தேவையில்லை. "புள்ளி வைத்த ற், ட் பக்கத்தில் இன்னொரு புள்ளி உட்காராது" என்று சொன்னால் அன்றைக்கே விளங்கும். இவ்வளவு பரவலாக வந்தும் இவ்வளவு சுலபமாகத் தீரும் பிழை வேறு இல்லை. பலரும் இதைச் சொல்லிக்கொடுக்காமல் வட்டம் மட்டும் போடுகிறோம் என்பதுதான் என் வருத்தம்.

'தேற்ச்சி' என்று வந்தால் மட்டும் இரண்டு காரணம் கலந்திருக்கிறது. ர-ற குழப்பத்தை முதலில் தீர்த்துத் 'தேர்' ஆக்குங்கள். ச் அங்கே சரியாகத்தான் நிற்கிறது.

அறிகுறி: 'போனான்' என்பது 'பொனான்' ஆகிறது, 'கொடுத்தான்' என்பது 'கெடுத்தான்' ஆகிறது

காதா, கையா என்று பிரித்தறிய வேண்டிய இடம். நோட்டின் முந்தைய பக்கங்களைப் புரட்டுங்கள். எ-ஏ, ஒ-ஓ மட்டும்தான் மாறுகிறதா? அப்படியானால் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு கையில் படியவில்லை. காது நன்றாகவே இருக்கிறது. பழைய ஓலைகளில் இந்தக் குறில் நெடில் வேறுபாடு பெரும்பாலும் கொம்பில் தெரியாது. இன்று நாம் எழுதும் வேறுபாட்டைப் பதினெட்டாம் நூற்றாண்டில் கொண்டுவந்தவர் வீரமாமுனிவர் என்பது மரபு. ஒரு சுழி கூடக் குறைய இருப்பதைக் கண் தவறவிடுவது இயல்புதான். கொம்பில் இரண்டாம் சுழியை வேறு நிறத்தில் எழுதப் பழக்கினால் சரியாகிவிடும்.

அ-ஆ, இ-ஈ, உ-ஊ எல்லாமே மாறுகிறதென்றால் காதுதான். கல், கால், படு, பாடு, விடு, வீடு என்று இணைச்சொற்களைச் சொல்லிக் கையைத் தட்டிப் பிரிக்கப் பழக்க வேண்டும். இது ஆறாம் வகுப்பில் செய்யவேண்டிய வேலை அல்ல, கீழ்வகுப்பில் விட்டுப்போனது. அதற்காக இங்கே மதிப்பெண் குறைப்பதில் பொருள் இல்லை.

'கெடுத்தான்' என்பது துணைக்கால் மறந்தது. கொகரத்துக்கு முன்னால் கொம்பு, பின்னால் கால். முன்னாலிருப்பதை எழுதிவிட்டு, எழுத்தை எழுதிவிட்டு, பின்னாலிருப்பதை மறப்பது கீழ்வகுப்பு முழுக்க நடக்கும். "மாமா எனக்குப் பணம் கெடுத்தார்" என்று பிள்ளையையே வாசிக்க விடுங்கள், தானே காலைச் சேர்த்துக்கொள்ளும்.

கையெழுத்துச் சிக்கலையும் இங்கேயே ஒதுக்கிவிடுங்கள். ரகரத்தின் கீழ்க்கோடு தெரியாமல் துணைக்கால் போலிருந்தால் அது எழுத்துப்பிழை அல்ல. பக்கத்தில் கூப்பிட்டு "இது என்ன எழுத்து?" என்று கேட்டால் முடிந்தது.

அறிகுறி: பேச்சு அப்படியே எழுத்தில் வருகிறது

'தண்ணி', 'கலட்டி', 'இன்னிக்கி', 'வந்துச்சு'. இதை எழுத்துப்பிழைக் கணக்கில் சேர்க்கவே கூடாது. பிள்ளை தன் காதில் விழுந்ததைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறது. எழுத்து நடைக்கு மாற்றத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஓரத்தில் 'பே' என்று குறித்துவிட்டுப் பிள்ளையே எழுத்துவடிவம் கண்டுபிடிக்கட்டும். 'கலட்டி' சற்றுச் சிரமம், 'கழற்றி' என்று நாமே சொல்லிக்கொடுக்கலாம்.

மேற்கோள் குறிக்குள் வரும் பேச்சை மட்டும் தொடாதீர்கள். "'டேய், ஏரி நெறஞ்சிருச்சுடா' என்று அண்ணன் கத்தினான்" என்று ஒரு பிள்ளை எழுதினால் அது நல்ல எழுத்து. அண்ணன் அப்படித்தான் கத்தியிருப்பான்.

அறிகுறி: பிள்ளை எழுதியது போலவே கடைப் பலகையிலும் இருக்கிறது

எண்ணை, வெண்ணை, தேனீர், சில்லரை, பன்னிரெண்டு, முன்னூறு, நாகரீகம், உடமை, பதட்டம். ஊரே இப்படி எழுதும்போது பிள்ளையை மட்டும் பிடிப்பது நியாயமில்லை. சரியான வடிவங்கள்: எண்ணெய், வெண்ணெய், தேநீர், சில்லறை, பன்னிரண்டு, முந்நூறு, நாகரிகம், உடைமை, பதற்றம். இவற்றைப் பருவத் தொடக்கத்தில் வகுப்புச் சுவரில் ஒட்டிவிடுங்கள். ஒட்டிய பிறகு வந்தால் குறைக்கலாம், ஒட்டாத சொல்லுக்கு வேண்டாம். நெய் சேர்ந்ததுதான் எண்ணெய் (எள் + நெய்), நீர் சேர்ந்ததுதான் தேநீர் என்று சொல்லைப் பிரித்துக் காட்டினால் பட்டியலைப் பார்க்கும் தேவையே குறையும்.

அறிகுறி: ஒரே தாளை இருவர் திருத்தினால் இருவேறு மதிப்பெண்

ஒருவர் பிழை என்று அடித்ததை இன்னொருவர் சரி என்பார். பெரும்பாலும் இரண்டு வடிவமும் வழக்கில் உள்ள சொற்களில்தான் இது நடக்கும்: வாழ்த்துகள், வாழ்த்துக்கள், நாள்கள், நாட்கள், கருப்பு, கறுப்பு, பவளம், பவழம், ஐயா, அய்யா, ஏற்கனவே, ஏற்கெனவே. இவற்றில் எது மேல் என்று அறிஞர்களே வாதிடுகிறார்கள். அந்த வாதத்தின் செலவைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை கொடுக்கக் கூடாது. இரண்டில் எதை எழுதினாலும் சரி, ஒரே கட்டுரையில் ஒன்றையே பின்பற்றட்டும். நிலம், நிலன், பந்தல், பந்தர் போன்ற போலிகளை இலக்கணமே ஒப்புக்கொள்கிறது.

பஸ், பேருந்து, ஆஸ்பத்திரி, ஜூன், சூன் போன்றவற்றிலும் இதே அணுகுமுறைதான். தாத்தாவிடம் எழுதக் கற்ற பிள்ளை 'லை', 'னை' எழுத்துகளைத் துதிக்கை போட்டு எழுதினாலும் அது பிழையல்ல. 1978இல் அரசாணையால் மாறிய வடிவங்கள் அவை. புதிய வடிவத்தைக் காட்டிக் கொடுத்தால் போதும்.

பள்ளியில் தமிழ் ஆசிரியர்கள் ஒருநாள் உட்கார்ந்து இத்தகைய சொற்களுக்கு ஒரு பக்கப் பட்டியல் எழுதி எல்லோரும் கையில் வைத்துக்கொண்டால் சண்டை தீரும். சந்தேகம் வந்தால் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைப் பார்ப்பது என்று முடிவுசெய்துகொள்ளலாம். இன்றைய எழுத்து வழக்கை அடிப்படையாக வைத்துத் தொகுத்தது என்பதால் பள்ளிக் கட்டுரைக்கு அது பொருந்தும்.

அறிகுறி: பிழைக்குக் குறைத்துக் குறைத்து மதிப்பெண் தரைதட்டுகிறது

பத்துக்கு மதிப்பிடும் கட்டுரை என்றால் எழுத்துக்கு இரண்டு, மற்றவற்றுக்கு எட்டு என்று முதலிலேயே பிரித்து வைத்துவிடுங்கள். எழுத்தில் காரணத்துக்கு அரை. இரண்டு தீர்ந்தால் அத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், உள்ளடக்கத்தின் எட்டில் கை வைக்கக் கூடாது.

நம் ஏரிக் கட்டுரையை இதில் போட்டுப் பார்க்கலாம். ர-ற குழப்பத்துக்கு அரை. ஐ உருபின் ஒற்றுக்கு அரை. 'அதற்க்கு' அரை. 'முன்று' ஒரே ஒரு முறை வந்திருக்கிறது, மற்ற நெடில்கள் சரியாக உள்ளன, கைதவறல், விட்டுவிடலாம். 'தண்ணி', 'கலட்டி' ஓரக்குறிப்போடு சரி. ஆக எழுத்துக்கு அரை மதிப்பெண். உள்ளடக்கத்துக்கு எட்டில் ஏழு தாராளமாகக் கொடுக்கலாம். மொத்தம் ஏழரை. பழைய முறையில் நாலரைக்குமேல் போயிருக்காது. எழுத்து சரியில்லை என்ற செய்தி 'இரண்டில் அரை' என்பதில் பிள்ளைக்குத் தெளிவாகவே போய்ச் சேரும்.

அறிகுறி: திருத்தித் திருத்திக் கொடுத்தும் அடுத்த கட்டுரையில் அதே பிழை

பிழையைத் திருத்தியது நாம். பிள்ளை மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு நோட்டை மூடிவிட்டது. சரியான சொல்லை மேலே எழுதிக் கொடுக்காதீர்கள். அந்த வரியின் ஓரத்தில் 'ர', 'ல', 'ன', 'ஒ', 'பே' என்று காரணத்தின் குறியை மட்டும் எழுதுங்கள். வரியில் எந்தச் சொல் என்று பிள்ளை தேடட்டும். தேடித் திருத்திக் கொண்டுவந்தால் குறைத்த அரையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நோட்டைத் திறக்க வைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

ஒரு கட்டுரையில் எல்லாக் குறியும் போடக் கூடாது. அந்த மாதம் ர-ற என்றால் அதை மட்டும் கடுமையாகப் பாருங்கள், மற்றதைப் பென்சிலில் காட்டிவிட்டு நகருங்கள்.

'ஐம்பது முறை எழுது' என்பதை விட்டுவிடலாம். பிள்ளை அதை எப்படி எழுதுகிறது என்று ஒருமுறை பக்கத்தில் நின்று பாருங்கள். முதலில் 'மு' வரிசையாக மேலிருந்து கீழே இறங்கும். அப்புறம் அதன் பக்கத்தில் 'ய' வரிசை. அப்புறம் 'ற்'. கடைசியில் 'சி'. 'முயற்சி' என்ற சொல்லை அது ஒருமுறைகூட எழுதவில்லை. அந்தச் சொல் வரும் மூன்று வாக்கியங்களைச் சொந்தமாக எழுதச் சொன்னால் கைக்குப் படியும்.

அறிகுறி: பார்த்து எழுதும்போதே பிழை, ஒரே பக்கத்தில் ஒரு சொல் மூன்று விதமாக

கரும்பலகையைப் பார்த்து எழுதுவதில் பிழை வந்தால் முதலில் கண்ணைச் சோதிக்கச் சொல்லுங்கள். முன்வரிசைக்கு மாற்றிப் பாருங்கள். கண் சரியாக இருந்தும், எழுத்துகள் இடம் மாறி, நடுவில் விடுபட்டு, ஒரே சொல் வெவ்வேறு வடிவில் தொடர்ந்து வருகிறதா? வாய்மொழியில் கேட்டால் அந்தப் பிள்ளை தெளிவாகப் பதில் சொல்கிறதா? அப்படியென்றால் கற்றல் குறைபாடு இருக்கலாம். அதை முடிவுசெய்வது நம் வேலை அல்ல. பெற்றோரிடம் பொறுமையாகப் பேசி, உரிய மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதையும் உள்ளடக்கியிருக்கிறது. சான்று கிடைத்தால் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் உண்டு. முடிவு தெரியும்வரை அந்தப் பிள்ளையின் கட்டுரையில் எழுத்துக்கான இரண்டை ஒதுக்கிவிட்டு எட்டுக்கு மதிப்பிட்டுப் பத்துக்கு மாற்றுங்கள்.

அறிகுறி: பிழையே இல்லை, ஆனால் கட்டுரை சப்பென்று இருக்கிறது

இதை யாரும் அறிகுறியாகவே பார்ப்பதில்லை. 'எங்கள் ஊரில் மழை பெய்தது. மழை நல்லது. மழையால் பயன் உண்டு.' சிவப்பு மைக்கு வேலையில்லை, முழு மதிப்பெண் போட்டு மூடிவிடுகிறோம். அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு மழையைப் பற்றி வாயால் சொல்லச் சொல்லுங்கள். கூரையில் சடசடவென்று விழுந்தது, வாசலில் காகிதக் கப்பல் கவிழ்ந்தது, பாட்டி வறட்டி நனைந்துவிட்டதென்று புலம்பியது எல்லாம் வரும். ஏன் எழுதவில்லை என்று கேட்டால், 'வறட்டி'க்கு ரகரமா, றகரமா என்று தெரியவில்லை, அதனால் விட்டுவிட்டேன் என்று சொல்லும். மதிப்பெண் போய்விடும் என்ற பயத்தில் தனக்குத் தெரிந்த நல்ல சொற்களையெல்லாம் அது ஒதுக்கி வைத்திருக்கிறது.

இதற்கு நான் வைத்திருக்கும் ஏற்பாடு: எழுத்து சந்தேகமாக இருக்கும் சொல்லை, தோன்றியபடி எழுதிவிட்டுப் பென்சிலால் அடிக்கோடிட வேண்டும். அடிக்கோடிட்ட சொல் தவறாக இருந்தாலும் மதிப்பெண் குறையாது, ஓரத்தில் சரியான வடிவம் கிடைக்கும். இதை வகுப்பில் முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். ஒருமுறை குறைத்துவிட்டால்கூடப் பிள்ளைகள் கோடிடுவதை நிறுத்திவிடுவார்கள். எனவே அவசரத்தில் திருத்தும் நாளிலும், சிவப்புப் பேனாவை எடுக்கும் முன் அந்தப் பென்சில் கோடுகளை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.